வில்லும் அம்பும் கூடிப் பிறக்கும்

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

வில்லும் அம்பும் என்றவுடன் நம் நினைவில் தோன்றுபவர்கள் பெரும்பாலும் தனி வீரர்களே. இராமன் வில்லை ஒடித்தான். அருச்சுனன் சுழலும் இலக்கை வீழ்த்தினான். ஏகலைவன் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கொடுத்தான் என்று படித்து மகிழ்கிறோம். ஆனால் அந்த வில்லுக்கு மூங்கில் தேர்ந்தவர் யார், நாண் திரித்தவர் யார், அம்புக்கு இறகு கட்டியவர் யார் என்று நாம் கேட்பதில்லை. எய்தவன் பெயர் நிற்கிறது. செய்தவர் பெயர் மறைகிறது.

அன்புத் தோழியரே! வில் என்பது ஒரு பொருள் போலத் தோன்றினாலும் அது பல பொருள்களின் உடன்பாடு. வில், நாண், தண்டு, இறகு, முனை ஆகிய ஐந்தும் ஒன்றுக்கொன்று இணங்கினால்தான் அம்பு குறியை அடையும். ஆகவே அதைப் பலர் கூடிச் செய்வது சிறப்பு. அப்படிப் பலர் கைக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்ட வித்தைதான் அழியாமலும் வாழ்கிறது. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் மண்ணில் வில்

மூவேந்தருள் சேரரின் சின்னம் வில். கரூர்ப் பகுதியில் கிடைத்த பழைய சேரர் காசுகளில் வில்லும் அம்பும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் புறநானூற்றின் 152-ஆம் பாடலில் வன்பரணர் என்னும் புலவர் போற்றுகிறார். ஓரி விடுத்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்துச் சென்றதாம். இன்றும் ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கை ஒட்டிக் கொல்லிமலையில் அரசு விழா நடக்கிறது. அதில் வில்வித்தைப் போட்டியும் உண்டு.

நம் மலையின் அடிவாரத்திலும் வில்லுக்கு ஒரு நாள் உண்டு. நவராத்திரி முடிவில் பழனிக் கோயிலிலிருந்து புறப்பட்டு அருகில் உள்ள கோதைமங்கலத்திற்குச் சென்று அம்பு போடும் நிகழ்ச்சியைக் காணச் சுற்றுப்புற மக்கள் திரளாகக் கூடுவர்.

தமிழ் மொழியும் வில்லை எங்கெல்லாம் வைத்திருக்கிறது பாருங்கள். மழைக்குப் பின் வானில் தோன்றுவது வானவில். அறிவியல் கூடத்தில் நாம் பயன்படுத்தும் தராசில் உள்ளது சுருள்வில். அக்காலத்தில் குலுங்காமல் பயணம் செய்ய உதவியது வில்வண்டி. நெல்லை, குமரி மாவட்டங்களில் மணிகள் கட்டிய பெரிய வில்லைக் கோலால் தட்டிக் கதை சொல்வது வில்லுப்பாட்டு. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயர் குமிழ மரத்தின் உட்டுளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து இசைக்கிறார். கொல்லப் பயன்பட்ட கருவி குழலோடு சேர்ந்து பாடும் கருவியாக மாறியதைக் காண எத்தனை இன்பமாயிருக்கிறது!

ஒருவர் மட்டும் அறிந்த வித்தை

நிற்க. இவ்வளவு பழமையான வித்தை ஓரிடத்தில் அழியும் நிலைக்கு வந்ததையும், அது எப்படித் தப்பியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அது கடல் கடந்த நாட்டில் நடந்தது.

1911-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஓரோவில் என்னும் ஊருக்கு அருகே, பசியால் மெலிந்த ஒரு மனிதர் காட்டிலிருந்து வெளியே வந்தார். அவர் யாகி என்னும் பழங்குடியைச் சேர்ந்தவர். குடியேறிய வெள்ளையர் நடத்திய படுகொலைகளாலும், பட்டினியாலும், நோயாலும் அந்த மக்கள் அழிந்து போயினர். எஞ்சியவர் அவர் ஒருவரே. தம் பெயரைத் தாமே சொல்லிக்கொள்வது அவர்கள் மரபன்று. எனவே குரோபர் என்னும் மானிடவியல் பேராசிரியர் அவரை 'ஈஷி' என்று அழைத்தார். அவர்கள் மொழியில் அதற்கு 'மனிதன்' என்பதே பொருள்.

ஈஷி சான்பிரான்சிஸ்கோ நகரில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கவைக்கப்பட்டார். அதன் பக்கத்தில் இருந்த மருத்துவக் கல்லூரியில் சாக்ஸ்டன் போப் என்னும் அறுவை மருத்துவர் பணியாற்றினார். ஈஷியின் உடல்நலம் பார்க்கச் சென்ற அந்த மருத்துவர் விரைவிலேயே அவருடைய மாணவரானார். ஈஷி வில் செய்யும்போது அளவுகோலைத் தேடவில்லை. பக்கவாட்டில் நீட்டிய கையிலிருந்து எதிர்ப்புற இடுப்பு வரை உள்ள நீளமே வில்லின் நீளம். மரத்தின் முதுகில் மானின் தசைநாரை ஒட்டி வலிமை சேர்த்தார். எரிமலைக் கண்ணாடிக் கல்லிலிருந்தும், எறிந்துவிட்ட புட்டிக் கண்ணாடியிலிருந்தும் கூட அம்பு முனைகளைத் தட்டி எடுத்தார்.

1916-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் காசநோயால் ஈஷி இறந்தார். அவரோடு யாகி மொழியைப் பேசும் கடைசிக் குரல் ஓய்ந்தது. ஆனால் அவருடைய வில்வித்தை ஓயவில்லை. போப் தாம் கற்றதை 1918-இல் ஓர் ஆய்வு நூலாகவும், 1923-இல் பொதுமக்கள் படிக்கும் நூலாகவும் எழுதினார். ஆர்தர் யங், வில் காம்ப்டன் போன்ற நண்பர்களும் அவரோடு சேர்ந்து வில் செய்து பழகினர். அந்த நூலைப் படித்துத் தங்கள் வீட்டுக் கொட்டகையில் வில் செதுக்கத் தொடங்கிய பொழுதுபோக்குக் கலைஞர் பலர்.

ஒரு சமுதாயத்தின் வித்தை முழுவதும் ஒரே மனிதரின் விரல்களுக்குள் வந்து நின்றது எவ்வளவு துயரமான செய்தி! அந்த மனிதர், தம் இனத்தை அழித்த இனத்தைச் சேர்ந்தவருக்கே அதைக் கற்றுக்கொடுத்தது எவ்வளவு பெரிய உள்ளம்! பகைவரை நேசிக்கச் சொன்ன நம் ஆண்டவரின் போதனையை ஈஷி எந்தப் பள்ளியிலும் படித்ததில்லை.

இத்தகைய கூட்டு முயற்சி நம் மலைக்கும் புதிதன்று. பழனி மலையில் சிதறிக் கிடக்கும் பழங்காலக் கல்திட்டைகளைச் சேசு சபைக் குருக்களான ஆங்லாத் அடிகளாரும் நியூட்டன் அடிகளாரும் சேர்ந்து அளந்து, வரைந்து, எழுதினர். 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை அதை நூலாக வெளியிட்டது. செண்பகனூர் அருங்காட்சியகத்திற்குச் சென்ற தோழியருக்கு இப்பெயர்கள் புதியன அல்ல. இருவர் கூடி எழுதி வைத்தமையால், சிதைந்து போன கற்களைப் பற்றியும் நாம் இன்று அறிய முடிகிறது.

ஐவர் கூடிச் செய்த வில்

நம் பள்ளி ஆண்டு விழாவில் தாவீது, யோனத்தான் நட்பை நாடகமாக நடிக்க ஏற்பாடாயிற்று. அதற்கு அட்டையில் வெட்டிய வில் வேண்டாம், உண்மையான வில்லே செய்வோம் என்று எங்கள் வகுப்பில் ஐந்து பேர் முன்வந்தோம். கைத்தொழில் ஆசிரியை மேற்பார்வையில், சனிக்கிழமைகளில், ஆளுக்கு ஒரு பகுதியாக வேலையைப் பிரித்துக்கொண்டோம். அந்த வேலையின் வழியாக நாங்கள் தெரிந்துகொண்டவற்றை ஒவ்வொன்றாக விளக்குகிறேன்.

1. வில்

வில்லுக்கு ஏற்றது கல்மூங்கில். மற்ற மூங்கில்களைவிட இதன் சுவர் தடித்தது. அடிப்பகுதி ஏறத்தாழ கெட்டியாகவே இருக்கும். காட்டில் மூங்கில் வெட்டுவது முறையன்று ஆதலால் கடையில் வாங்கினோம். தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் எங்கள் ஊரில் கூடை முடையும் பெரியவர் ஒருவர். மூன்று ஆண்டுகளுக்குக் குறைந்த மூங்கில் கூடைக்கு ஆகும், வில்லுக்கு ஆகாது என்றார் அவர். இளமூங்கில் எளிதில் வளையும். ஆனால் வளைந்தபடியே நின்றுவிடும். முற்றிய மூங்கிலோ வளைந்து மீண்டும் நிமிரும். வில்லுக்கு வேண்டிய குணம் வளைவது மட்டுமன்று, நிமிர்வதும்தான். அவருடைய மக்கள் யாரும் இத்தொழிலில் இல்லை. எங்களுக்குச் சொல்லித் தரும்போது அவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சி தெரிந்தது.

வெட்டிய மூங்கிலை நிழலில் பல வாரங்கள் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் பிளந்துவிடும். பின்னர் நீளவாக்கில் பிளந்து ஐந்தடி நீளப் பட்டையாக எடுக்க வேண்டும். நடுவிலிருந்து இரு புறமும் கணுக்கள் சம தூரத்தில் வருமாறு பார்த்துக்கொள்வது நல்லது.

வில்லில் இலக்கை நோக்கும் பக்கத்திற்கு முதுகு என்றும், எய்பவரை நோக்கும் பக்கத்திற்கு வயிறு என்றும் பெயர் வைத்துக்கொள்வோம். நாணை இழுக்கும்போது முதுகு நீட்டப்படுகிறது, வயிறு நெருக்கப்படுகிறது. மூங்கிலின் வெளித்தோலில் நார்கள் நெருக்கமாக அமைந்திருப்பதால் இழுவிசையை அது நன்கு தாங்கும். ஆகவே பச்சைத்தோல் இருந்த பக்கமே முதுகாக அமைய வேண்டும். அதில் கத்தி படவே கூடாது. செதுக்குவதெல்லாம் வயிற்றுப் பக்கத்தில்தான்.

இழைப்புளியால் நடுப்பகுதியைத் தடிப்பாகவும், இரு கைகளையும் நுனி நோக்கி மெலிவாகவும் சீவினோம். பிறகு உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பாலும், அதன்பின் உப்புத்தாளாலும் தேய்த்தோம். இரு நுனிகளிலும் நாண் மாட்ட ஒரு வெட்டு வேண்டும். அதற்குத் தமிழில் குதை என்று பெயர்.

இனி வருவதே மிகப் பொறுமையான வேலை. வில்லின் நடுவைச் சுவரில் அடித்த முளையில் ஏந்தி, நாணைக் கீழ்நோக்கிச் சிறிது சிறிதாக இழுத்து, இரு கைகளும் ஒரே மாதிரி வளைகின்றனவா என்று ஒருவர் தள்ளி நின்று பார்க்க வேண்டும். இதைத் தனியாகச் செய்வது கடினம். இழுப்பவருக்கு வளைவு தெரியாது. பார்ப்பவருக்கு விசை தெரியாது. இங்கே ஒரு விதி உண்டு. வளையாத இடத்தில்தான் சீவ வேண்டும். ஏற்கெனவே நன்கு வளையும் இடத்தைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த ஓரிடமே எல்லாப் பாரத்தையும் தாங்கி முறிந்துவிடும். விட்டுக் கொடுப்பவரிடமே மேலும் மேலும் கேட்பது மனிதருக்குள்ளும் நல்லதன்று அன்றோ!

2. நாண்

பழங்காலத்தில் வில்லுக்கு நாண் தந்த செடி மருள். சங்க இலக்கியம் மரல் என்று சொல்வதும் இதுவே. வறண்ட காடுகளில் வாள் போன்ற இலைகளோடு வளரும். வடமொழியில் இதற்கு மூர்வா என்று பெயர். ஆங்கிலத்திலும் 'வில்நாண் சணல்' என்று பொருள்படும் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள். நாங்கள் வேலியோரம் கிடைத்த கற்றாழை இலைகளைப் பயன்படுத்தினோம். இலைகளை நசுக்கித் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இரண்டு வாரத்தில் சதை அழுகி நார் மட்டும் நிற்கும். அந்த நாற்றத்தால் எங்கள் வாளி விடுதியை விட்டுத் தோட்டத்தின் கடைசி மூலைக்கு அனுப்பப்பட்டது!

கழுவி உலர்த்திய நாரை இரண்டு புரிகளாக்கி, ஒவ்வொன்றையும் வலப்புறமாக முறுக்கி, இரண்டையும் சேர்த்து இடப்புறமாக முறுக்க வேண்டும். ஒவ்வொரு புரியும் தன் முறுக்கை அவிழ்க்க முயலும். ஆனால் அந்த முயற்சியே மற்றதை இறுக்கிப் பிடிக்கும். ஆகவே கயிறு தானாக அவிழாது. பிறகு மழைநீர் ஏறாமல் இருக்கத் தேன்மெழுகு பூச வேண்டும். பழனி மலையின் பளியர் மக்கள் செங்குத்தான பாறைகளில் கொடியையும் நாரையும் நம்பி இறங்கித் தேனெடுப்பவர்கள். ஒரு முறுக்கில் ஓர் உயிர் தொங்கும் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்?

வில்லின் இழுவிசையைப் போல நான்கு மடங்கு பாரத்தை நாண் தாங்க வேண்டும் என்பது பொது விதி. எங்கள் வில்லின் இழுவிசையைச் சுருள்வில் தராசால் பார்த்தபோது 10 கிலோ காட்டியது. எனவே நாணில் 40 கிலோ தொங்கவிட்டுச் சோதித்தோம். விடுதிச் சமையற்கட்டின் 25 கிலோ அரிசிச் சிப்பமும் 15 கிலோ உருளைக்கிழங்கு மூட்டையும் இதற்கு உதவின.

3. தண்டு

'சரம்' என்னும் சொல்லுக்கு அம்பு என்று பொருள். வடமொழியில் அச்சொல் நாணலையும் குறிக்கும். நாணலே அக்கால அம்பு என்பதற்கு அச்சொல்லே சாட்சி. நாணல் தட்டையோ, மெல்லிய மூங்கில் குச்சியோ எதுவானாலும் முதலில் கோணலை நீக்க வேண்டும். கரி நெருப்பின் மேல் காட்டிச் சூடேற்றி, கோணலுக்கு எதிர்ப்புறமாக மெல்ல வளைத்து, ஆறும்வரை பிடித்திருந்தால் நேராகும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தால் மிச்சக் கோணல் தெரியும்.

நேராக இருந்தால் மட்டும் போதாது. எல்லாத் தண்டுகளும் ஒரே அளவு விறைப்பாக இருக்க வேண்டும். இரண்டு மேசைகளின் விளிம்பில் தண்டின் இரு முனைகளையும் ஏந்தி, நடுவில் ஒரே எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று அளந்தால் விறைப்பு தெரியும். இருபது தண்டுகளில் ஒத்துப்போனவை ஆறு.

4. இறகு

அம்பின் பின்புறம் காற்றில் இழுபட்டு, முன்புறம் எப்போதும் முன்னேயே செல்லுமாறு காப்பது இறகு. மூன்று இறகுகளைத் தண்டைச் சுற்றிச் சம இடைவெளியில் ஒட்ட வேண்டும். அவற்றுள் ஒன்று நாணில் பொருந்தும் வெட்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். மூன்றும் பறவையின் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வந்தவையாக இருத்தல் அவசியம். வலச்சிறகின் இறகும் இடச்சிறகின் இறகும் எதிரெதிராக வளைந்தவை. அவற்றைக் கலந்தால் ஒன்று அம்பை ஒரு பக்கம் சுழற்ற, மற்றொன்று மறுபக்கம் சுழற்றும்.

மயிலுக்குப் போர்வை தந்த பேகன் ஆண்ட மண் இது. ஓர் இறகுக்காக ஒரு பறவையைத் துன்புறுத்துவது இம்மண்ணுக்கு அடுக்காது. வான்கோழிகள் தாமே உதிர்த்த இறகுகளைப் பொறுக்கி, தச்சர்கள் பயன்படுத்தும் வச்சிரப் பசையால் ஒட்டி, மெல்லிய நூலால் சுற்றிக் கட்டினோம்.

5. முனை

எங்கள் அம்புக்குக் கூரான முனை தேவையில்லை. இரும்புக் கூர்முனைக்குப் பதிலாக உருண்டையான மரக்குமிழைப் பொருத்தினோம். ஆனால் முனை கூரில்லாவிட்டாலும் பாரம் உள்ளதாக இருக்க வேண்டும். அம்பைக் கத்தி விளிம்பில் கிடத்தினால் அது சமநிலையில் நிற்கும் இடம் நடுவிலிருந்து சற்று முன்னே, நீளத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தள்ளி அமைவது நல்லது.

ஐந்தும் இணங்கும் விதம்

ஐந்தும் முடிந்தன, ஆயினும் வேலை முடியவில்லை. வலக்கையால் எய்பவரின் அம்பு வில்லின் இடப்புறத்தில் அமர்ந்திருக்கும். நாண் விடுபட்டதும் அது வில்லின் நடுவை நோக்கி ஓடும். அப்படியானால் இடையில் நிற்கும் வில் அம்பை இடப்புறம் தள்ளிவிட வேண்டும் அன்றோ? ஆனால் நல்ல அம்பு நேராகவே செல்கிறது. இது எப்படி?

1930-களில் அமெரிக்காவில் ஹிக்மன், கிளாப்ஸ்டெக், நாக்லர் என்னும் மூவர் இத்தகைய கேள்விகளுக்கு விடை தேடினர. மூவரும் வில் செய்வதைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். இருவர் இயற்பியலார், ஒருவர் பொறியாளர். ஓய்வு நேரத்தில் வில்லை ஆராய்ந்தனர். ஹிக்மன் மிக வேகமாகப் படம்பிடிக்கும் கருவியால் அம்பைப் படமெடுத்தபோது, விடுபட்ட அம்பு பாம்பு போல நெளிந்து வில்லைச் சுற்றிக் கடப்பது தெரிந்தது. அம்மூவரின் கட்டுரைகள் 1947-இல் ஒரே நூலாக வெளிவந்தன.

ஆகவே அம்பின் விறைப்பு வில்லின் வலிமைக்குப் பொருந்த வேண்டும். தண்டு மிக விறைப்பானால் வளைந்து கடக்க முடியாமல் இடப்புறம் போகும். மிகத் தொய்வானால் வலப்புறம் போகும். முனையின் பாரத்தைக் கூட்டினால் தண்டு அதிகம் வளையும். வில்லைச் சிறிது சீவினாலும் எல்லாக் கணக்கும் மாறும். வில் செய்தவள் தண்டு செய்தவளைக் கேட்காமலும், தண்டு செய்தவள் முனை செய்தவளைக் கேட்காமலும் ஒரு முடிவும் எடுக்க இயலாது. தனித்தனியே மிகச் சிறந்த ஐந்து பொருள்களைச் சேர்த்தாலும் சிறந்த வில்லும் அம்பும் கிடைப்பதில்லை. ஒன்றையொன்று அறிந்த ஐந்து பொருள்களே வேண்டும்.

இதில் நம் பாடநூலில் உள்ள அறிவியலும் இருக்கிறது. நாணை இழுக்கும்போது விசை சுழியிலிருந்து 10 கிலோ, அதாவது ஏறத்தாழ 98 நியூட்டன் வரை உயர்கிறது. நாண் நகரும் தூரம் 45 சென்டிமீட்டர். சராசரி விசையைப் பாதி என்று கொண்டு பெருக்கினால் வில்லில் சேரும் நிலையாற்றல் சுமார் 22 ஜூல். வில்லின் கைகளை நகர்த்தவே ஒரு பகுதி செலவாகும். பாதி மட்டும் அம்புக்குச் சென்றால் கூட, 25 கிராம் எடையுள்ள அம்பு விநாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் வேகத்தில் பறக்கும். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல்! மூங்கில்தானே என்று இனி யாரும் எளிதாக எண்ண மாட்டார்கள்.

காக்க வேண்டிய விதிகள்

இவ்வேகத்தை அறிந்த பின் விளையாட்டாக வில்லெடுக்க மனம் வராது. எங்கள் உடற்பயிற்சி ஆசிரியை விதித்த விதிகள் இவை: ஊதல் ஒலித்த பின்னரே எய்ய வேண்டும். எய்பவருக்கு முன்னால் யாரும் நிற்கக்கூடாது. வானை நோக்கி எய்யக்கூடாது. இலக்கான வைக்கோல் கட்டின் பின்னே மண்சுவர் இருக்க வேண்டும். அம்பில்லாமல் நாணை இழுத்து விடக்கூடாது. அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்கே திரும்பி அதை உடைத்துவிடும். முன்கையில் தோல்பட்டை கட்டியிருக்க வேண்டும். நாடகத்தில் யோனத்தானாக நடிப்பவள் நாணை இழுத்துக் காட்டலாம், விடக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்றுண்டு. இந்த அம்பு எந்த உயிரை நோக்கியும் செல்லக்கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. நம் மலைக்காடுகள் 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. காட்டெருமையும் வரையாடும் மலையணிலும் நமக்கு அண்டை வீட்டார். முன்னோர் பசிக்காக வில்லெடுத்தனர். நமக்கு அந்தத் தேவை இல்லை. அவர்களுடைய அறிவு மட்டும் தேவை.

பெண்களும் வில்லும்

வில் ஆடவர் கருவி என்று எண்ணுவோரும் உண்டு. 1908-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் மகளிர் வில்வித்தையில் தங்கம் வென்ற குவீனி நியூவால் அம்மையாருக்கு அப்போது வயது 53. நம் நாட்டின் தீபிகா குமாரி, இராஞ்சியை அடுத்த ஊரில் ஆட்டோ ஓட்டுநரின் மகளாகப் பிறந்தவர். சிறு வயதில் மூங்கிலால் வீட்டிலேயே செய்த வில்லில் பழகிய அவர், 2010-இல் டில்லி காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்றார். ஜம்மு-காஷ்மீரின் கிஷ்துவார் மாவட்டத்தைச் சேர்ந்த சீதள் தேவி பிறவியிலேயே இரு கைகளும் இல்லாதவர். காலால் வில்லைப் பிடித்து, தோளால் நாணை இழுத்து, 2024-இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் இணைந்து வெண்கலம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. நம் நாட்டுப் போட்டிகளில் மூங்கில் வில்லுக்கென்றே 'இந்தியன் ரவுண்ட்' என்னும் தனிப் பிரிவும் உண்டு. ஆகவே மூங்கில் வில் பழம்பொருள் அன்று. ஏழைச் சிறுமிக்கும் திறந்திருக்கும் வாயில்.

முடிவாக

மறைநூலில் யோனத்தான் தன் நண்பன் தாவீதுக்கு மேலங்கியோடும் வாளோடும் தன் வில்லையும் கொடுக்கிறான். ஒரு வீரன் தன் வில்லைக் கொடுப்பது தன்னையே கொடுப்பதாகும். பின்னர் தந்தை சவுல் தாவீதைக் கொல்லத் தேடியபோது, யோனத்தான் வயல்வெளியில் எய்த அம்புகள் யாரையும் காயப்படுத்தவில்லை. அவை ஒளிந்திருந்த நண்பனுக்கு, 'தப்பிச் செல்' என்று சொல்லும் அடையாளமாயின. பெருவெள்ளத்திற்குப் பின் இறைவன் நோவாவுக்குக் காட்டிய உடன்படிக்கையின் அடையாளமும் மேகத்தில் வைத்த வில்லே.

கொடுக்கப்பட்ட வில்லே வாழ்கிறது. யோனத்தான் கொடுத்தான், ஈஷி கொடுத்தார், கூடை முடையும் பெரியவர் கொடுத்தார். நம் வீட்டுத் திண்ணைகளிலும் வயல்களிலும் பட்டறைகளிலும் இப்படி எத்தனையோ வித்தைகள் கேட்பாரின்றிக் காத்திருக்கின்றன. பாட்டி பாய் பின்னுவார். தாத்தாவுக்குக் கயிறு திரிக்கத் தெரியும். பக்கத்து வீட்டு அத்தைக்கு மூலிகை தெரியும். தோழியரே, இந்த விடுமுறையில் அவற்றுள் ஒன்றையேனும் கேட்டு, நண்பர்களோடு கூடிச் செய்து, எழுதியும் வைப்போம். ஒரு கையில் நின்ற வித்தை அந்தக் கையோடு போய்விடும். பல கைகளில் பரவிய வித்தை தலைமுறைகளைக் கடந்தும் குறி தவறாமல் செல்லும்.